தண்ணீர் இறுக மூன்று நாள்

தண்ணீர் நீலம் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. மாடல் செய்யச் சொல்லி வருகிறவர்கள் எல்லோரும் "ஏரி வேணும், நல்லா நீலமா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எந்த ஊர் ஏரி நீலமாக இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். நான் பிறந்தது நைனார்பாளையத்துப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பள்ளிக்கூட லீவு விட்டால் நானும் நடவுக்கு இறங்குவேன். முட்டிக்கால் தண்ணீரில் நாள் முழுக்கக் குனிந்து நின்றவளுக்கு அது என்ன நிறம் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விடியும்போது ஈய நிறம், வெயில் ஏறினால் ஆறிப்போன டீ, கரையோரம் மண் நிறம், ஆழத்தில் கரும்பச்சை. நீலம் மேலே வானத்தில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

நான் தண்ணீர் செய்கிறவள். குடிக்க முடியாத தண்ணீர். கள்ளக்குறிச்சியில், சங்கராபுரம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், ஒரு வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்கு எடுத்து இந்த வேலையைச் செய்கிறேன். பக்கத்திலேயே ஒரு சின்ன சமையல்கட்டு, குடியிருப்பதும் அங்கேதான். என் கணவர் நெல் அறுக்கிற மெஷினுக்கு டிரைவர். சீசன் வந்தால் மாதக் கணக்கில் வெளியூரிலேயே கிடப்பார். நான் முதலில் கல்யாண மாலைகளைத்தான் ரெசினில் பதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் போட்ட மாலையைக் காயவைத்து, பூவைப் பிரித்து, கண்ணாடி மாதிரி இறுகும் அந்தத் திரவத்தில் முக்கிச் சட்டம் போட்டுத் தருவது. பூ சலித்துப்போய்த்தான் தண்ணீருக்கு வந்தேன்.

ரெசின் ஒரு கேன், அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு கேன். இரண்டும் பார்வைக்குச் சுத்தமான தண்ணீர். ஊற்றினால் விளக்கெண்ணெய் மாதிரி இழுபடும். இரண்டு பங்கு இது, ஒரு பங்கு அது. சமையலில் போடுகிற மாதிரி கைத்திட்டத்தில் போட்டால் ஒரு வாரம் ஆனாலும் பிசுபிசுவென்றே கிடக்கும். எனக்கு இது தெரியவந்த விதம் கேவலமானது. முதல் ஏரியை ஒரு சித்திரை மாதத்து மதியத்தில் ஒரே மூச்சில் ஊற்றினேன். அது சூடேறி, புகைந்து, மஞ்சளாகிப் படக்கென்று நடுவில் வெடித்தது. ஏரி வறண்டு வெடித்துப் பார்த்திருக்கிறேன், நிறைந்த பிறகு வெடித்தது என் ஏரி ஒன்றுதான்.

அப்புறம் கற்றுக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு. விடியற்காலை, தரை குளிர்ந்திருக்கும்போது ஊற்றணும். நிறத்தைத் தண்ணீரில் கலக்கக் கூடாது, அடித்தரையில் பூசணும். கரையில் மணல் நிறம், நடுவுக்குப் போகப் போகப் பச்சை, ஆழத்தில் கறுப்பு. தரையைச் சரியாகப் பூசினால் மேலே நிற்கிற தெளிந்த ரெசின் தானாக ஆழமாகிவிடும்.

ஒருமுறை வெளியூர்க்காரர் ஒருவர் பொம்மை ரயில் ஓடுகிற மேஜைக்கு உறைந்த ஏரி ஒன்று வேண்டும் என்று போனில் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சொன்னார், "நீங்க கள்ளக்குறிச்சியில ஐஸ எங்க பாத்திருக்கப் போறீங்க?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். உமி போட்டு மூடிவைத்திருந்த ஐஸ் பாரைக் கழுவிக் காட்டச் சொல்லி அரை மணி நேரம் நின்றேன். ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் பால் வெள்ளை, அந்த வெள்ளைக்குள் ஊசி ஊசியாகக் குமிழி, குறுக்கே ஒரு கீறல். அதை அப்படியே செய்து அனுப்பினேன். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். கெளுத்தி மீனுக்குப் பக்கத்தில் என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு டீச்சர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கல்வராயன் மலையிலேயே பிறந்து, மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். என்னைவிட வயதில் சின்னவர். கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது, அதில் வைக்க அவர்கள் ஊர் அருவியும், அது விழுகிற மடுவும், அங்கிருந்து இறங்குகிற ஓடையும் வேண்டும் என்றார்.

"நீலமா மட்டும் ஊத்திடாதீங்கக்கா. எங்க புள்ளைங்க சிரிப்பாங்க."

அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். மலையில் எவ்வளவோ இருக்க, எதற்காக இந்த மடு என்று கேட்டேன்.

"கீழ எங்க போயி கல்வராயன் மலைன்னு சொன்னாலும் மூக்க நீட்டிக்கினு வர்றாங்கக்கா. உங்க ஊர்ல அது கெடைக்குமாமேன்னு ஒருத்தன் என்னையே கேக்கறான். டீச்சர்னு சொன்னப்புறமும் கேக்கறான். எங்க மலைன்னா சாராயம் மட்டும்தானா? வந்து எங்க தண்ணிய பாக்கட்டும்."

அந்தப் பேச்சை நானும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். மரவள்ளியும் பலாவும் கடுக்காயும் சாமையும் மலையிலிருந்துதான் இறங்குகின்றன, அதையெல்லாம் வாங்கித் தின்கிறோம், ஆனால் மலை என்றால் மட்டும் வாயில் ஒரே ஒரு வார்த்தை. டீச்சர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. செய்து தருகிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

பார்க்காமல் தண்ணீர் செய்ய எனக்கு வராது. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறுகிற காலை பஸ்ஸில் போனேன். டீச்சர் கூட்டிக்கொண்டுபோய் மடுவில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார். மதியம் வரைக்கும் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருவி வெள்ளை என்று நினைத்திருந்தேன். வெள்ளை பாதிதான், பின்னாலிருக்கிற கறுப்புப் பாறை அதன் வழியாகத் தெரிகிறது. அடியில் விழுகிற இடத்தில் மட்டும் நுரை, அதுவும் இலை ஊறின பழுப்பு ஏறிய நுரை. மடு நடுவில் ஒரே கரும்பச்சை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சொட்டு நீலம் இல்லை.

அங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். ஈரக் கூழாங்கல்லும் பாசியும் மக்கின இலையும் காய்ந்துவிட்டால் நிறம் செத்துப்போகும். பார்த்துப் பார்த்துத் தரை பூசுவதற்கு அவை ஈரத்தோடு வேண்டும். அதனால் கையோடு கொண்டுபோயிருந்த இரண்டு வெள்ளைக் கேன்களில் மடுத் தண்ணீரை மொண்டு, அவற்றை உள்ளே போட்டு மூடி எடுத்துவந்தேன். ரெசின் தீர்ந்த கேன்கள்தான். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பொம்பளை இரண்டு வெள்ளைக் கேனோடு பஸ்ஸில் இறங்கி வந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று என் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் ஏறி, கேன் யாருடையது என்று கேட்டார்.

"என்னுதுதாங்க."

மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் சுளித்தார். "இன்னாம்மா இது, பாசி நாத்தம் அடிக்குது?"

"பாசிதாங்க."

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு மூடியை நன்றாக இறுக்கிக் கொடுத்துவிட்டு இறங்கினார். பஸ்ஸில் எங்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். நான் கேன்களைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் சேதி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. போலீஸ் கேனைத் திறந்து மோந்து பார்த்தது என்பது மட்டும்தான் சேதி. உள்ளே பாசி இருந்தது என்பதைச் சொல்ல அவளுக்கு மறந்துவிட்டது.

எனக்கு அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லணும். நிலபுலன் உள்ள குடும்பம், உரக்கடை வைத்திருக்கிறார். அறுபது வயது. இளவட்டத்தில் எதையும் விட்டுவைக்காத ஆள் என்று அவர் மனைவியே சிரித்துக்கொண்டு சொல்வார். இப்போது நெற்றியில் திருநீறும் வாயில் ஊர் நியாயமும்தான். நான் அவரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும்தான் கூப்பிடுவேன். அந்தச் சேதி வந்த நாளிலிருந்து அவர் என் அறை ஜன்னல் பக்கமாகவே கொடியில் துண்டு காயப்போட ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு நாலு துண்டு.

அவர் கண்ணுக்கு என்னவெல்லாம் தெரிந்திருக்கும் என்று இப்போது யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. கதவு எப்போதும் சாத்தியிருக்கும், தூசி வரக்கூடாது என்பதற்காக. நான் முகத்தை மூடி, கையுறை போட்டிருப்பேன். ஒரு வாடை வரும். கேன் வரும், கேன் போகும். பைக்கில் ஆட்கள் வந்து பார்சல் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் அந்த லைட்டர். ஊற்றிய ரெசினில் குமிழிகள் மேலே வந்து நிற்கும். தீயை மேலாக ஒரு ஓட்டு ஓட்டினால் படபடவென்று உடைந்து பரப்பு தெளிந்துவிடும். தெளிந்த திரவம், பக்கத்தில் கேன், மேலே நெருப்பு. சாராயம் அசலா என்று பார்க்கத் தீக்குச்சி கிழித்து வைப்பார்கள், நீலமாக எரிந்தால் அசல். இது எங்கள் பக்கத்தில் குடிக்காதவனுக்கும் தெரியும். வேறு ஊராக இருந்தால் பொம்பளை ஏதோ பசை காய்ச்சுகிறாள் என்று விட்டிருப்பார்கள்.

மலையைச் செய்ய ஒன்றரை மாதம் ஆயிற்று. தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கி, மேலே சுவருக்குப் பூசுகிற பட்டியைப் பூசி, பாறைக்குப் பாறை வேறு கறுப்பு தீட்டினேன். கண்ணாடிக் கடைக்காரர்கள் ஒட்டுகிற தெளிந்த சிலிகான் பசையை பிளாஸ்டிக் தாளில் நீளநீளமாக இழுத்து, பல்குச்சியால் கீறி, காய்ந்ததும் உரித்தால் அருவி. அதைப் பாறையில் ஒட்டி, கொஞ்சமே கொஞ்சம் வெள்ளையைத் தொட்டுவைத்தேன். மடுவின் தரையை மட்டும் மூன்று தரம் அழித்துப் பூசினேன். கேனிலிருந்த பாசியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூசியது. கடைசி அடுக்கு ரெசினை ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் ஊற்றினேன். பலகைக்கடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, தூசி விழாமல் பெரிய பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து மூடினேன். முழுசாக இறுக மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வண்டி வைத்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

அன்று மதியம் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கற உள்ள?"

"தண்ணிண்ணா. மடுவுக்கு ஊத்தியிருக்கேன்."

"தா பாரும்மா, எனக்கு வயசு அறுவது ஆவுது. நெருப்பு வெச்சி இன்னாத்த பாப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"குமிழி ஒடையறதுக்குண்ணா அது."

"குமிழியாம் குமிழி. மலைக்குப் போயி கேன்ல புடிச்சிக்கினு வந்தியே, அதுவும் குமிழியா? போலீசு வந்துச்சின்னா எம்பேரு நாறிடும். நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள அல்லாத்தையும் எடுத்துக்கினு வூட்ட காலி பண்ணிடு."

உள்ளே வந்து பாருங்கள் என்றேன். அந்த எழவையெல்லாம் பார்க்கிற ஆள் நான் இல்லை என்றார். நான் கெஞ்சவில்லை என்று சொன்னால் பொய். ஒரு தரம் கெஞ்சினேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் அத அசைக்கக் கூடாதுண்ணா. இப்ப தூக்கினா ஒரு பக்கமா சாஞ்சி, அப்படியே கல்லாயிடும். தண்ணி சாஞ்சி நின்னு எங்கனா பாத்திருக்கீங்களா?"

அது தன் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மடு போனால் ஒன்றரை மாத வேலை போகும், டீச்சருக்குக் கொடுத்த வாக்கு போகும். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. சாராயக் கேன் வைத்திருந்ததால் காலி செய்யவைத்தார்கள் என்று பெயர் வாங்கிக்கொண்டு இந்தத் தெருவைவிட்டு இறங்கினால், இந்த ஊரில் வேறு யார் எனக்கு ஒரு அறை கொடுப்பார்கள்? நான் போக முடியாது. போகவும் மாட்டேன். இதை வாய்விட்டு நாலு தரம் சொல்லிக்கொண்டேன். பிறகு, மாடலை வைக்கிற மரப்பெட்டி சங்கராபுரத்தில் ஒரு ஆசாரியிடம் தயாராக இருந்ததால், அறையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். போகாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்று எனக்கே தோன்றியிருக்கும்.

மாலையில் திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. உள்ளே தொட்டி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். மடுவின் நடுவில் ஒரு விரல் இறங்கியிருந்தது.

காலையில் ஊற்றியது மதியத்துக்குள் பாகு பதம் தாண்டி இறுகத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தொட்டால் குழி மூடாது. ஒரு கணு ஆழத்துக்குக் குழி, பக்கத்தில் ஒரு கரிப்பொட்டு. கீழே தரையில் இரண்டு எரிந்த தீக்குச்சிகள். அந்த அறைக்கு இன்னொரு சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது.

தரையில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். என் கணவருக்குப் போன் போட்டேன். மெஷின் இரைச்சலுக்கு நடுவில் அவர் கத்தினார்.

"வுடுடி. மேல இன்னொரு தபா ஊத்தி மூடிக்கோ. ரூம காலி பண்ணிட்டு உங்கம்மா வூட்டுக்குப் போயி இரு. சீசன் முடிஞ்சி நான் வந்து பேசிக்கிறேன்."

"நான் போமாட்டேன்."

"ஆம்பள இல்லாத நேரத்துல எதுக்குடி வம்பு?"

போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. உறைத்ததும் அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பதத்தில் ரெசினைத் தொட்டால் கையில் ஒட்டியது தண்ணீருக்கும் போகாது, சோப்புக்கும் போகாது. உடனே எண்ணெய் போட்டுத் துணியால் துடைக்கணும். தெரியாமல் விட்டுவிட்டால் மறுநாள் காலையில் விரல்நுனியில் கண்ணாடி மூடி போட்ட மாதிரி இறுகிவிடும். தானாக உரிய நாலைந்து நாள் ஆகும். ஆரம்பத்தில் பத்து விரலிலும் போட்டுக்கொண்டு திரிந்தவள் நான்.

வெள்ளிக்கிழமை நான் ஒரு சாமானைக்கூட மூட்டை கட்டவில்லை. சாயங்காலம் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்தார். கூட அக்காவும், தெருவில் பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொள்கிற இரண்டு பேரும். அவர் வலது கையை வேட்டி மடிப்புக்குள் சொருகியிருந்தார்.

"இன்னாம்மா, இன்னும் காலி பண்ணல?"

"எதுக்குண்ணா காலி பண்ணணும்? உள்ள இருக்கறது சாராயம்னு யாரு பாத்தது?"

"நான் எதுக்கு பாக்கறேன்? வாடகைக்கி வுட்ட எடத்துல நான் கால் வெச்சதே கெடையாது. அது என் பழக்கம் இல்ல."

"தெரியும்ணா. அந்த வலது கைய மட்டும் கொஞ்சம் காட்டுங்க."

"கைய எதுக்கு?"

அக்காதான் குறுக்கே புகுந்தார். "அந்த வெரலையா கேக்கற? காலையிலேருந்து பிளேடு வெச்சி சொரண்டிக்கினு கீறாரு. கதவுக்கு அடிச்ச பெயிண்ட்டு ஒட்டிக்கிச்சாம்." சொல்லிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். புருஷனைப் பார்த்தார். "ஆமா, எந்தக் கதவுக்கு பெயிண்ட்டு அடிச்சீங்க? நம்ம வூட்ல எந்தக் கதவு?"

அக்கா அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். ஆள்காட்டி விரல் நுனி முழுக்க, நகத்தோடு சேர்த்து, மாலை வெயிலில் பளபளத்தது. நான் நாற்காலியைவிட்டு எழுந்து வழிவிட்டேன்.

"எல்லாரும் உள்ள வாங்க. தொட்டியத் தூக்கறேன். தொட்டுப் பாருங்க. தரையில தீக்குச்சியும் கீது, நான் பெருக்கல."

அக்காதான் முதலில் தொட்டார். விரலால் தொட்டு, அப்புறம் முட்டியால் தட்டினார். டொக்கென்றது. "கல்லு மாதிரி கீதே!" என்றார். வந்த இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் அருவியைக் காட்டி அது எப்படி என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டார். நான் வீட்டுக்காரரைப் பார்த்தே கேட்டேன்.

"இதுல ஒரு டம்ளர் ஊத்திக் குடிங்கண்ணா, பாக்கறேன்."

"நெருப்பு புடிக்கல, அதனால நானும்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அதுவரைக்கும் இருந்தது ஒன்றுமே இல்லை.

"அப்ப நேத்தே தெரியும் உங்களுக்கு. ரெண்டு குச்சி கிழிச்சி வெச்சி, எரியலன்னு தெரிஞ்சிக்கினுதான் இன்னிக்கி நாலு பேரக் கூட்டிக்கினு காலி பண்ண வந்தீங்க. வெரலு மாட்டிக்கிச்சின்னு சொல்ல வெக்கமா இருந்திச்சி, அதுக்கு என்னய சாராயக்காரி ஆக்கிட்டா பரவால்லயா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பு கேட்கவும் இல்லை. ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய காலம் என்று பொதுவாக எதையோ சொன்னார். நான் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் இங்கேதான் இருப்பேன், அந்த இன்னொரு சாவி எனக்கு வேண்டும் என்றேன். அக்கா உள்ளே போய் எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். மாடலைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். தரைப்பச்சையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்காகத்தான் நான் மூன்று தரம் அழித்துப் பூசினேன். அப்புறம் குழியைப் பார்த்துவிட்டார்.

"இது இன்னாக்கா, மீனு வாய வெச்ச எடமா?"

மெல்லியதாக இன்னொரு அடுக்கு ஊற்றினால் ஒரே நாளில் குழி மறைந்துவிடும். மீன் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். நான் நடந்ததை முழுசாகச் சொன்னேன். டீச்சர் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க தண்ணியத் தொட்டா அவங்களுக்கு அதுதான் ஞாபகம் வருது. இருக்கட்டும்க்கா, மூடாதீங்க."

"மூடற நெனப்பே எனக்கு இல்ல டீச்சர்" என்றேன்.

கண்காட்சி அன்று அந்தக் கூடத்தில் கூட்டம் எங்கள் மேஜையைச் சுற்றித்தான். மலைப் பிள்ளைகள் நீலச் சீருடையில் நின்று, அருவி எங்கே உற்பத்தியாகிறது, ஓடை எங்கே கோமுகி ஆற்றில் சேருகிறது என்று குச்சி வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டுப் பார்த்துவிட்டு ஈரம் இருக்கிறதா என்று விரலைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட மூக்கை நீட்டவில்லை.

வீட்டுக்காரரும் அக்காவோடு வந்திருந்தார். நான் ஓரமாக நின்றிருந்ததை அவர் கவனிக்கவில்லை. விரல் சுத்தமாகிவிட்டிருந்தது. மேஜைக்கு முன்னால் நின்று, பக்கத்தில் இருந்த ஒருவரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"இது நம்ம வூட்ல செஞ்சதுங்க. நம்ம பின்னாடி ரூம்லதான்."

அந்த ஆள் வியந்துபோய்க் குனிந்து பார்த்தார். மடுவின் நடுவில் இருந்த குழியைத் தொட்டு, "இது இன்னாங்க, இங்க மட்டும் பள்ளமா கீது?" என்று கேட்டார்.

நான் முன்னால் போய் நின்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கையை வேட்டி மடிப்புக்குள் விட்டார்.

"கேக்கறாரு பாருங்கண்ணா. சொல்லுங்க" என்றேன்.

அவர் அக்கா பக்கம் நகர்ந்தார். நான்தான் சொன்னேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி.